காது போனால் மூளை போகுமா?

கே: அப்பாவுக்கு 72 வயது, காது மந்தம். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

ப: வயசானால் கண்ணும்தான் மங்குகிறது. அதற்கு மட்டும் ஓடிப்போய்க் கண்ணாடி வாங்கினீர்களே, காதுக்கு ஏன் ஓரவஞ்சனை?

கே: காது கேட்காவிட்டால் மறதிநோய் வருமாமே?

ப: வாய்ப்பு கூடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லின் குழு, 639 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் கவனித்து 2011-இல் சொன்ன கணக்கு: நன்றாகக் கேட்பவர்களைவிட லேசான குறைவுக்கு 2 மடங்கு வாய்ப்பு, நடுத்தரத்துக்கு 3, கடுமைக்கு 5. காது மந்தமான எல்லோருக்கும் வருவதில்லை. பீதி வேண்டாம், பரிசோதனை வேண்டும்.

கே: காதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

ப: அரைகுறையாக வரும் பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை முக்கினால், நினைவில் வைக்கத் தெம்பு ஏது? இது ஒரு விளக்கம். கேட்கவில்லையே என்று கல்யாணம், கச்சேரி எல்லாவற்றையும் தவிர்த்துத் தனிமையில் முடங்குவது இன்னொன்று. இரண்டும் கூட்டாளிகள் என்றே சந்தேகம்.

கே: காதுக்கு மெஷின் மாட்டினால் மறதிநோய் வராதா?

ப: அப்படிச் சொல்லி விற்பவரிடம் மட்டும் காதை மூடிக்கொள்ளுங்கள்! அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரை 977 பேரிடம் 3 ஆண்டுகள் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மொத்தத்தில், மெஷின் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிநோய் ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் சிந்தனைத்திறன் சரிவது 48 சதவீதம் குறைந்தது. மந்திரமில்லை, மதிப்பு உண்டு.

கே: அம்மா எதைச் சொன்னாலும் மறக்கிறார். மறதிநோய்தானே?

ப: காதிலேயே விழாதது நினைவில் எப்படி நிற்கும்? தீர்ப்பு எழுதும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுவார். பிறகு ஆடியோகிராம் என்ற செவிப் பரிசோதனை. ஊசியில்லை, வலியில்லை.

கே: மாமனாரின் மெஷின் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது.

ப: டிராயருக்கு நன்றாகக் கேட்கும், மாமனாருக்கு? புதிதில் ஃபேன் சத்தம்கூட இரைச்சலாகத்தான் இருக்கும். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துப்போய்ச் சரிசெய்யுங்கள். தினமும் மாட்டினால்தான் பழகும்.

கே: வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

ப: கத்தாதீர்கள். டிவியை அணைத்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரியவர்களை ஒதுக்கிவைக்கும் சொல் அது. 60 தாண்டிய அப்பா அம்மாவை இந்த மாதமே செவிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.