மனைக்கு ஜாதகம் பார்த்தாச்சு

புறநகரில் அரை கிரவுண்டு வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். வாஸ்துக்காரர் வந்து சொல்லிவிட்டார்: போர் ஈசானிய மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில். பூமி பூஜைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. மண்ணைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்பது பெரிய வித்தையல்ல. கழிவுநீர் இறங்கப்போகும் ஆழத்துக்கு ஒரு குழி, அடியில் கொஞ்சம் சரளை. தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட வேண்டும். மறுநாள் மறுபடி ஊற்றி, 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். வாளி, ஸ்கேல், கடிகாரம் போதும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரநிலையின் 1985 பதிப்பிலேயே இது இருக்கிறது.

அதே ஏடு, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் விடச் சொல்கிறது. உங்கள் மனை 30-க்கு 40 அடி. மூலைக்கு மூலை டேப் பிடித்தாலும் 50 அடிதான், 15 மீட்டர் சொச்சம். போதாததற்குக் கிழக்கு வீட்டுக்காரரும் வாஸ்து பார்த்தவர். அவருடைய வாயு மூலை உங்கள் ஈசானிய மூலையை ஒட்டித்தானே வரும்? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அவர் தொட்டி, இந்தப் பக்கம் உங்கள் போர். தெரு நெடுக இதே தெய்வீக ஏற்பாடு.

பிளானில் உறிஞ்சுகுழி உண்டு. பென்சில் வட்டம். அப்ரூவல் ஆனதும் அதன் ஆயுள் முடிந்தது. கட்டும்போது மேஸ்திரி நாலு உறையை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, "தானா இழுத்துக்கும் சார்" என்கிறார். எது இழுக்கும்? நேற்றுவரை ஏரி உள்வாயாக இருந்த களிமண்ணா? தண்ணீரைப் பிடித்து வைப்பதுதானே அதன் பரம்பரைத் தொழில்! ஐப்பசி அடைமழையில் நிலத்தடி நீர் உறைக்குள் ஏறுகிறது. உள்ளே போனதெல்லாம் பாத்ரூம் வழியாக வீடு திரும்புகிறது.

உடனே லாரிக்குப் போன். குழாய்க்கு வராத அடிக்கசடை வழிக்க ஓர் ஆளை இறக்குகிறோம். முகமூடி கிடையாது, இடுப்பில் ஒரு கயிறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடைசெய்திருக்கிறது. செத்தால் 30 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க நமக்கு நேரமில்லை. அவன் உயிருக்கு மட்டும் ரேட் கார்டு தயார்.

மறுநாள் லாரிக்காரர் மேல் வழக்கு. அந்த வட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலாவது வந்ததுண்டா?