வெள்ளவத்தையில் பாம்பு நுழையாமை: பதுங்கல் விளையாட்டு பற்றிய ஓர் ஆராய்ச்சி

கிரிக்கெட் 07 ஆடாத தமிழ்ப் பிள்ளை வெள்ளவத்தையில் இல்லை. வைஸ் சிட்டியில் கார் களவெடுக்காத பிள்ளை கொட்டாஞ்சேனையில் இல்லை. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சொந்த மச்சானைச் சுடாதவர் இரண்டு இடத்திலும் இல்லை. அப்படியிருக்க, உலகம் தலையில் தூக்கிவைத்து ஆடும் ‘மெட்டல் கியர் சொலிட்’ தொடர் மட்டும் காலி வீதியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்காமல் போனதேன்? தொடங்கியவர் பலர், முதலாவது காவலனைத் தாண்டியவர் சிலர், முடித்தவரைத் தேடிப்போனால் அவர் கனடாவில் இருக்கிறார். கொழும்பில் நின்றுவிட்டவருக்குப் பொறுமை போதாது என்பது ரொறன்ரோவில் நிலவும் கருத்து. அதை மறுத்து, கோளாறு விளையாட்டில் இருக்கிறதென்று நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

முதற்கண் பொருள் வரையறை. பதுங்கல் விளையாட்டாவது, கையில் துவக்கு இருந்தும் சுடாமல், கால் இருந்தும் ஓடாமல், சுவரோடு ஒட்டிநின்று, எதிராளி முதுகு காட்டும் நேரம் பார்த்து நகர்வது என்க. இது தட்டுப்பாட்டில் பிறந்த கலை. எம்எஸ்எக்ஸ் 2 கணினிக்கு யுத்த விளையாட்டு ஒன்று செய்யும் வேலை கொனாமி நிறுவனத்தில் ஹிடியோ கொஜிமா என்ற இளைஞரிடம் வந்து சேர்ந்தது. திரையில் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் சன்னங்களையும் காட்ட அந்த யந்திரத்துக்குச் சக்தியில்லை. ஆகவே சண்டைபிடிக்காமல் தப்பிப்போகும் சண்டை விளையாட்டு ஒன்றை அவர் செய்துகொடுத்தார். ‘மெட்டல் கியர்’ வெளிவந்தது 1987 ஜூலையில். அதே ஜூலை 29 ஆம் திகதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊரடங்குக்குள் நகரம் முடங்கியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு காட்ட விரும்புவோர் தனியே ஒரு பட்டத்துக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம். இக்கட்டுரை அதற்குள் நுழையாது.

1998 இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘மெட்டல் கியர் சொலிட்’தான் பெயர் வாங்கியது. நாயகன் பெயர் ஸ்னேக். அலாஸ்காப் பக்கத்துத் தீவொன்றில், பனிக்குள், தனியாக இறங்குகிறான். பனியில் அடிச்சுவடு விழுந்தால் காவலன் அதைப் பார்த்துப் பின்தொடர்வான். தண்ணீரில் மிதித்தால் சத்தம் கேட்டு வருவான். தடிமன் பிடித்து நாயகன் தும்மினாலும் வருவான். அட்டைப்பெட்டிக்குள் புகுந்துகொண்டால் மட்டும், பெட்டி நகராதவரை, பேசாமல் போய்விடுவான். நடு அறையில் திடீரென முளைத்த ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்க்காத காவலனைக் கொழும்பில் வளர்ந்த எவரும் நம்பார். இது முதல் இடறல்; சிறியது.

விசைகள் கைக்குப் பழகாமையே காரணம் என்பார் ஒரு சாரார். அவர்கள் காட்டும் சான்று 2004 இல் வந்த ‘ஸ்னேக் ஈட்டர்’. அதில் கமெரா தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எதிரி திரைக்கு வெளியே நின்று சுட்டான். அடுத்த ஆண்டு முடியுமுன் வந்த திருத்திய பதிப்பில்தான் கமெராவை விரும்பியபடி சுழற்ற விட்டார்கள். குறை உண்மைதான். ஆனால் அலுவலக நேரத்தில் காலி வீதியைக் குறுக்கே கடந்து பழகியவரின் கைகால் ஒத்துழைப்பைச் சந்தேகிப்பது அடாது.

காசு வகையிலான காரணம் இதைவிட வலுவானது. வீட்டுக்கு வீடு பிளேஸ்டேஷன் இல்லாத காலத்தில் விளையாட்டு என்பது கேம் கடையில், மணித்தியாலக் கணக்கில். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கொடுத்த காசுக்குச் சத்தமாவது கிடைக்கும். இங்கே காவலன் மூலைவரை நடக்கிறான், நிற்கிறான், கொட்டாவி விடுகிறான், திரும்புகிறான். அந்தக் கொட்டாவிக்கும் காசு நம்முடையது. அவன் போய்த் தொலைந்தால் தொலைத்தொடர்புக் கருவி அலறும். தளபதி வந்து அணுவாயுதப் பரவலைப் பற்றி ஆற அமர விளக்குவார். பின்னால் முறைக்குக் காத்துநிற்பவன் பொறுப்பானா? “டேய், அடியடா! என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?” என்பான். அடித்தால் அபாயமணி, அபாயமணி அடித்தால் சாவு. சொந்த மெமரி கார்ட் இல்லாதவன் மறுநாள் வந்து மறுபடியும் கப்பல்துறையிலிருந்தே தொடங்க வேண்டும். பொறுமையை மணித்தியாலத்துக்கு வாடகைக்கு விடும் சந்தையில் பொறுமை விளையாட்டு விலைபோகாது என்பது பொருளியல் மாணவர் எவரும் ஒப்பும் முடிவு.

சீடிப் பெட்டி விவகாரத்தை இனி விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது இத்துறையில் உரிய கவனம் பெறாதது. 1998 பதிப்பின் கதையில், ஒரு கட்டத்தில் மெரில் என்ற பெண்ணோடு வானொலியில் கதைத்தால்தான் மேலே போகலாம். அலைவரிசை எண் என்ன? சீடிப் பெட்டியின் பின்பக்கம் பார், என்று விளையாட்டுக்குள்ளேயே சொல்லப்படுகிறது. விளையாட்டுக்குள் நாயகனுக்கும் ஒரு வட்டு கிடைப்பதால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மண்டை காய்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. விடை, கடையில் வாங்கிய அசல் பெட்டியின் முதுகில் அச்சிட்ட சிறு படத்தில் இருந்தது: 140.15. கொஜிமாவின் இந்தச் சூட்சுமத்தை விமர்சகர்கள் இன்றும் மெச்சுவர். கொழும்புவாசி கையில் இருந்ததோ கொப்பி சீடி. மெல்லிய பொலித்தீன் உறை. மேலே மார்க்கரால் கிறுக்கிய பெயர். பின்பக்கம் திருப்பினால் பளபளப்பில் தன் முகம். புலமைச் சொத்துச் சட்டம் 2003 இல் வந்தது. கொப்பி சீடி அதன் பிறகும் வந்தது. முன்போலவே பெட்டியில்லாமல் வந்தது. 140.00 இலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாகத் திருகிப் பார்த்தே மெரிலைப் பிடித்தவர்களை இவ்வாராய்ச்சி கைகூப்பி வணங்குகிறது. அவர்களே பின்னாளில் சீமா கணக்கியல் பரீட்சை முடித்தவர்கள் என்று துணியலாம்.

அஃதேல், அசல் பெட்டி வைத்திருந்தவரும் ஏன் இடையில் விட்டார் எனின், மேற்சொன்ன யாவும் புறக்காரணங்கள், அகக்காரணம் வேறு.

விளையாட்டின் காவலனுக்குப் பார்வை ஒரு விசிறி வடிவம். திரை மூலையிலிருக்கும் ராடாரில் அது தெரியும். விசிறிக்கு வெளியே நின்றால் நீங்கள் இல்லை. கண்டுபிடித்துவிட்டாலும் ஓடி மறைந்தால் போதும்: 99.99 இலிருந்து ஓர் எண் கீழிறங்கும், பூச்சியமானதும் காவலன் மறந்துவிட்டு வழக்கமான நடையைத் தொடங்குவான். வெள்ளவத்தை ஒழுங்கைகளின் அமைப்போ இதற்கு நேர்மாறு. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இரு பக்கமும் தொடர்மாடிகள். பல்கனிக்குப் பல்கனி பார்வை. வாசலில் செக்கியூரிட்டி, அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி, அதில் வந்தவர் பெயர், ஐசி எனும் அடையாள அட்டை நம்பர், போகும் வீடு, வந்த நேரம், போன நேரம், கையொப்பம். “அண்டைக்கு சவோய்க்கு முன்னால நிண்டது உங்கட மகன்தானே?” என்று கேட்கப்படும் நாள், நின்ற நாளிலிருந்து எத்தனை ஆண்டு கழித்தும் வரலாம். இங்கே எண் கீழிறங்காது. கலியாணப் பேச்சு வரும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். இத்தகைய சூழலில் வளர்ந்தவன், தான் பார்க்கப்படாமல் இருக்கும் ஒரு நிலையைக் கற்பனை செய்யவே சிரமப்படுகிறான்.

இதற்கும் அடியில் இன்னொரு படை உண்டு. யுத்தம் முடிந்த 2009 மே வரை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழரின் தெருநடைக்கு எழுதா விதிகள் இருந்தன. ஓடக்கூடாது. இருட்டில் சுவரோரம் நடக்கக்கூடாது. கை சட்டைப்பைக்குள் இருக்கக்கூடாது. ஐசி மட்டும் இருக்க வேண்டும், எடுக்கச் சுலபமான பையில். முன்னால் செக் பொயின்ற் தெரிந்தால் வந்த வழியே திரும்பக்கூடாது. திரும்பினால் அதுவே வாக்குமூலம். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்ற பட்டியல் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் சித்தியையும் பதிய வேண்டும். சுற்றிவளைப்பு நடந்தால் கதவைத் திறந்துவைத்து, லைட்டைப் போட்டு, விறாந்தையில் வரிசையாக நிற்பதே முறை. கட்டிலுக்கடியில் இருப்பவன் ஏன் அங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கு எந்த மொழியிலும் மறுமொழி கிடையாது.

ஸ்னேக் ஈட்டரில் நாயகன் புல்லுக்குள் படுத்தால் திரை மூலையில் அவனுடைய உருமறைப்பு வீதம் ஏறும்: 60, 80, 95. ஏற ஏற உலகத்து விளையாட்டுக்காரன் ஆறுதலடைகிறான். வெள்ளவத்தையானுக்கு அந்த எண் ஏற ஏற நெஞ்சு அடிக்கிறது. அவன் விரல் தானாக எழும்பும் பொத்தானை அமுக்குகிறது. வெளிச்சத்தில் வந்து நிற்கிறான். சுடப்படுகிறான். இதைக் கைப்பழக்கக் குறை என்று எழுதியவர்கள் அந்த விரலின் வரலாற்றை வாசிக்காதவர்கள்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, நேர்மையான ஆய்வு அதை மறைக்காது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலும் வவுனியாவுக்கு. ஒளிந்திருந்தவர்களல்லர், பெயர் கொடுத்து அறை எடுத்தவர்கள். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையைத் தடுத்தது; பிரதமர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஆகவே காட்டிக்கொண்டாலும் தப்ப முடியாதே, பிறகேன் காட்ட வேண்டும் எனின், காட்டினால் தப்பலாம் என்பது நிச்சயமில்லை, ஒளித்தால் தப்ப முடியாது என்பது நிச்சயம் என விடுக்க.

கொட்டாஞ்சேனைச் சாகையார் கொள்கை சற்று வேறு. அவர்கள் ஸ்னேக்கை விட்டுவிட்டு ‘ஹிட்மேன்’ தொடரை ஏற்றார்கள். கோப்பன்ஹேகனில் உள்ள ஐஓ இன்டரக்டிவ் 2000 இல் தொடங்கிய அந்தத் தொடரில் நாயகன் இருட்டை நம்புவதில்லை, உடுப்பை மாற்றுகிறான். சமையற்காரன் உடுப்பில் குசினிக்குள் போகிறான், காவலன் உடுப்பில் காவலன் பக்கத்தில் நிற்கிறான். ஜம்பட்டா வீதியில் வளர்ந்தவருக்கு இது பச்சைத் தண்ணி: ஒரு கடையில் சிங்களம், அடுத்த கடையில் தமிழ், கோயில் வாசலில் ஒன்று, சாந்த லூசியா பேராலய முற்றத்தில் இன்னொன்று. யுத்த காலத்தில் காலி வீதி 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஃபோன் அடித்தால், எடுத்தவர் குரலைத் தாழ்த்தி “ஐ வில் கோல் யூ பாக்” என்று வைத்துவிடுவார். மறுமுனையில் யாழ்ப்பாணத்து அம்மா. செக் பொயின்ற் வருமுன் லேஞ்சியால் பொட்டைத் துடைத்த பெண்களும் இந்தச் சாகையின் முன்னோடிகளே. ஆயினும் கொட்டாஞ்சேனையாருக்கும் ஹிட்மேன்மேல் ஒரு மனக்குறை உண்டு. 2018 இல் வந்த ‘ஹிட்மேன் 2’ இல் அவன் மும்பைக்கே போகிறான். மொட்டைத் தலை, பிடரியில் கோட்டுக்குறி, வெள்ளைத் தோல். உள்ளூர்க்காரன் உடுப்பைப் போட்டதும் ஒருவருமே சந்தேகிக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன செய்வான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உச்சரிப்பில் பிடிபடும் பயமில்லாத மாறுவேடத்தை அவர்கள் அரைவாசி மாறுவேடம் என்றே மதிப்பிடுகிறார்கள்.

இப்போதைய பிள்ளைகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சொந்த அறை, தலையில் ஹெட்செட், ஸ்னேக் ஈட்டருக்கு 2025 ஓகஸ்டில் வந்த ‘டெல்டா’ மறுபதிப்பில் அழகாகப் புல்லுக்குள் படுத்துக் கிடக்கிறார்கள். அதற்கு முன் அவர்களுக்கு நேர்ந்த ஒரே தடங்கல் 2022 மார்ச் கடைசியில், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனபோது: பதுங்குவதற்கு உகந்த இருட்டு நகரம் முழுக்க, விளையாடக் கரண்ட் இல்லை.

கருதுகோளைக் களத்தில் சோதிக்க, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்ட பெரியப்பாவிடம் கொன்ட்ரோலர் கொடுக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டுப் பதிப்பு. அவர் ஸ்னேக்கை நடுத்தளத்தால் நேரே நடத்திக்கொண்டுபோய்க் காவலனுக்கு முன்னால் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“இதில ஐசி காட்டுற பட்டின் எது?”

“அப்பிடி ஒண்டு இல்லை, பெரியப்பா. ஒளிக்க வேணும்.”

“ஏன் ஒளிப்பான்? களவெடுத்தவனே?”

அதற்குள் ஸ்னேக் செத்துப்போனான். மறுபடி தொடங்கி, சிறை அறைவரை நானே விளையாடிக் காட்டினேன். அங்கே கைதியாயிருக்கும் அதிகாரி ஒரு கார்ட் தருகிறார். கார்ட்டுகள் முதலாம் தரத்திலிருந்து ஏழாம் தரம்வரை. தரம் கூடக்கூடக் கூடுதல் கதவு திறக்கும். உடம்பின் மின்புலத்தாலேயே வேலைசெய்வதால் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லை. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சரிந்தார்.

“அப்ப கார்ட் இருக்கு.”

“ஓம்.”

“கதவு ஏற்குது.”

“ஓம், பெரியப்பா.”

“பிறகென்ன ஆமிக்காரன் ஏற்கமாட்டன் எண்டுறான்?”

அது வேற மாதிரி, அவங்களுக்குக் காட்டேலாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, “சரி, அதை ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வைச்சனியே?” என்றார்.