கணினிக்கு மயக்கம்

கேள்வி: என் கணினி அடிக்கடி தானாகவே அணைந்து, தானாகவே ஆன் ஆகிறது. கடைக்காரர் "விண்டோஸை மாத்திடலாம்" என்கிறார். மாற்றலாமா?
– வாசகி, நந்திதுர்க், கோலார் தங்கவயல்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடியவர்கள் சயனைடு மேடுகளை உங்களுக்கே விட்டுப்போனார்கள். காற்றடித்தால் அந்தப் புழுதி குழம்புச் சட்டி வரைக்கும் வரும். கணினியை மட்டும் விட்டுவைக்குமா? பிராசஸர் மேலுள்ள ஃபேனும் ஹீட் சிங்கும் அடைத்துக்கொண்டால் சூடு ஏறி, உயிர் பிழைக்க அது அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை எடுங்கள் (மூக்கில் துணி கட்டிக்கொண்டு!). உங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் மனிதர்களுக்கே குளிர்காற்று அனுப்ப வேண்டியிருந்தது. கணினி எம்மாத்திரம்?

அப்படியும் அணைந்தால் கரன்ட்டைச் சந்தேகியுங்கள். 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த ஊர் உங்களுடையது. பெங்களூருக்கு 1905-ல்தான் வந்தது. ஆனால் பெருமையில் கணினி ஓடாது. வோல்டேஜ் தடுமாறினாலோ, கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கிழண்டுபோயிருந்தாலோ இதே கூத்துதான். வேறு எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். பழையதைத் திறந்து நோண்டாதீர்கள், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும். நினைவகமான ராமையும் (RAM) ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

விண்டோஸ் அமைப்பில், பழுது வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நிறுத்திவையுங்கள். நீலத்திரை நின்று, பிழையின் பெயரைச் சொல்லும். நீலத்திரையே வராமல் பட்டென்று இருண்டால், பெரும்பாலும் விண்டோஸ் நிரபராதி.

கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தாரா? இல்லையென்றால் விண்டோஸை விட்டுவிட்டு, கடையை மாற்றுங்கள்.