காசு கட்டியாச்சுல்லா, இனி படிப்பு எதுக்குலே?

ஏலே பேராண்டி, இங்கன வா. காதுல சொருகி வச்சிருக்கியே, அதை முதல்ல எடு. வைய இல்லலே, மெச்சத்தான் கூப்பிட்டேன். கேட் பரிச்சைக்கு ஆன்லைன் கோர்ஸுல சேந்துட்டியாம்லா. ஒங்கம்மா தெருப்பூரா சொல்லிட்டு வாரா. எம்.டெக். சீட்டே கைக்கு வந்துட்ட மிதப்புல ஒங்கப்பன் நடக்கான். பெரிய காரியம்தான். நம்ம வீட்டு வழக்கப்படி காசைக் கட்டிட்டா பாதி வேலை முடிஞ்சிட்டு. கட்டின காசு எம்புட்டுன்னு நாலு பேர்ட்ட சொல்லிட்டா மீதியும் முடிஞ்சிட்டு. அதுக்கு மேலயும் நீ உக்காந்து படிச்சேன்னு வையி, கட்டின காசு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிரும். வேண்டாம்.

நான் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவன். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் எனக்கு என்னத்தத் தெரியும்? ஆனா நீ திண்ணையில சத்தமா ஓட விடுத பாடம் என் காதுலயும்தான் விழுது. தெர்மோடைனமிக்ஸ்ல முதல் விதிக்கும் முன்னால பூஜ்யமாவது விதின்னு ஒண்ணு இருக்காம்லா! நல்லா மனப்பாடம் ஆயிட்டு எனக்கு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் நீ புதுசா ஆரம்பிச்சு அதுலதானே நிக்கே. ரெண்டாவது விதி என்ன சொல்லுதுன்னு கேக்க ஆசையாத்தான் இருக்கு. நான் உசுரோட இருக்கிறதுக்குள்ள நீ அங்க வந்து சேந்தா சரி.

டைம்டேபிள் போட்டியே, அதைப் பத்திப் பேசாம இருக்க முடியுமா? நாலு கலர் பேனா, ஒரு அளவுகோல், சார்ட் பேப்பர் எல்லாம் வாங்கி, கட்டம் கட்டமாப் போட்டுச் செவுத்துல ஒட்டினே. அடுத்த வாரமே அதைக் கிழிச்சுட்டு வேற ஒண்ணு. ஏன்லே கிழிச்சேன்னு கேட்டா, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற மாதிரி போட்டுட்டேன் தாத்தாங்கே. சரி, நியாயம்தான். இப்ப என் சந்தேகத்தைக் கேளு. கோர்ஸ்காரவுகளே இந்த வாரம் இன்ன பாடம், ஞாயித்துக்கிழமை இன்ன டெஸ்ட்டு, இத்தனாம் தேதிக்குள்ள இது முடியணும்னு வரிசை போட்டுத்தானே குடுத்திருக்காவ? பிறகு நீ எதுக்குத் தனியா ஒண்ணு போடுதே?

இங்கதான்லே நம்ம ஆளுக கணக்குல கோட்டை விடுதாவ. ஒங்கப்பன் கட்டின காசு பாடத்துக்குன்னு நினைக்கே. பாடம் சும்மாவே கிடக்கே! கிண்டியில இருக்க ஐஐடி, மத்த ஊர் ஐஐடி, பெங்களூர்ல இருக்க ஐஐஎஸ்சி எல்லாம் கூடி என்பிடெல்னு ஒண்ணு ஆரம்பிச்சு, 2003-லேருந்து நடத்திட்டு வாராவ. பெரிய பெரிய வாத்தியாருக கரும்பலகையில எழுதி எழுதி விளக்குதாவ. கேக்கதுக்குச் சல்லிக்காசு கிடையாது. 12 வாரக் கோர்ஸு, வாரத்துக்கு ஒரு அசைன்மென்ட்டு, அதுக்கு ஒரு கெடு. சர்டிபிகேட்டு வேணும்னாத்தான் காசு கட்டி, நேர்ல போய்ப் பரிச்சை எழுதணும். கேட் பரிச்சைக்குன்னே தனியா ஒரு பக்கமும் வச்சிருக்காவ. அம்புட்டும் சும்மா கிடக்கப்ப ஆயிரக்கணக்குல ஏன் கட்டணும்? எதை முதல்ல படிக்கணும், எதை எப்ப முடிக்கணும்னு ஒருத்தன் உனக்காக உக்காந்து யோசிச்சு வச்சிருக்கான் பாரு, அந்த வரிசைக்குத்தான்லே அந்தக் காசு. நீ என்ன செய்யுதே? வரிசையைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, சும்மா கிடைக்கிற பாடத்தை மட்டும் காசு குடுத்துப் பாக்கே. தீப்பெட்டி ஆபீஸ்ல எவனாவது இப்படி வரவு செலவு பாத்திருந்தா மறுநாள் கல்லாப்பெட்டிப் பக்கம் விட்டிருக்க மாட்டாவ.

பாக்கிறதாவது ஒழுங்காப் பாக்கியா? ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விடுதே. அந்த வாத்தியார் கால்ல வெந்நீரை ஊத்தின மாதிரி பேசிட்டு ஓடுதாரு. அவர் படத்தை வரைஞ்சு முடிச்சு வேர்வையைத் துடைக்கதுக்குள்ள நீ அடுத்த பாடம். உன் பென்சிலு மட்டும் சீவின மேனிக்கு அப்படியே இருக்கு. நேத்து கோர்ஸைத் திறந்து காட்டினியே, அறுபது சதவீதம் முடிஞ்சிட்டு தாத்தான்னு. பாத்தேன், வரிசையாப் பச்சை டிக்கு. நீ முழிச்சிருந்தப்ப ஓடினது அந்தப் பூஜ்யமாவது விதிதான்லே. மிச்சமெல்லாம் நீ குறட்டை விட்டப்ப ஓடினது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வந்து போனை அணைச்சது ஒங்க ஆச்சி. அந்த வகையில பாத்தா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கடைசி ரெண்டு பாடம் அவ கணக்குல சேரணும்.

டவுட்டு கேக்கதுக்குன்னு சனிக்கிழமை தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கி வச்சிருக்காவளாம். இதுவரைக்கும் நீ ஒண்ணுகூடக் கேக்கலை. அதுல உன்னைக் குறை சொல்ல மாட்டேன். படிச்சவனுக்குத்தானே டவுட்டு வரும்.

சரி, விளையாட்டு போதும். ஜெராக்ஸ் கடையில சொல்லி அந்தப் பரிச்சைத் தகவலைப் பிரிண்ட்டு போட்டு வாங்கிட்டு வந்தேன். நீ திறந்தே பாக்கலை, அதனால நான் வாசிச்சேன். மூணு மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க்கு. 30 கேள்விக்கு ஒவ்வொரு மார்க்கு, 35 கேள்விக்கு ரெண்டு ரெண்டு மார்க்கு. ஒரு கேள்விக்கு மூணு நிமிஷம்கூட முழுசாக் கிடையாது. நீ ஒரு கணக்கைப் பாத்துட்டு, 'இது தெரியும்'னு சொல்லித் தலையைச் சொறிஞ்சு முடிக்கவே மூணு நிமிஷம் ஆவுதே, அங்க என்னலே செய்வே?

இன்னொண்ணு. இந்தப் பரிச்சையில 30 பேப்பர் இருக்கு. எந்தப் பேப்பர் எழுதினாலும் 15 மார்க்கு பொது அறிவுத்திறனுக்கு, ஜெனரல் ஆப்டிடியூடுங்காவ. கொஞ்சம் இங்கிலீஷு, சதவீதக் கணக்கு, படத்தைத் திருப்பிப் போட்டா எப்படி இருக்கும்கிற மாதிரி. உங்க மெக்கானிக்கலுக்கு எஞ்சினீயரிங் மேத்ஸ் இன்னொரு 13. ரெண்டையும் கூட்டு, 28 ஆச்சு. கோர்ஸுல இந்த ரெண்டு பாடத்துக்கும் நேர பச்சை டிக்குகூட இல்லையே, ஏன்? 'அது ஈசி தாத்தா, கடைசியில பாத்துக்கலாம்.' ஈசின்னா முதல்ல எடுத்து மடியில கட்டிக்கிடணும்லே. கஷ்டமான ஹீட் டிரான்ஸ்ஃபரை வச்சு மல்லுக்கட்டிட்டு, சுலபமா வர்ற 28-ஐ வாசல்லயே விட்டுட்டு வர்றவனை என்னன்னு சொல்ல?

அப்புறம் இந்த மைனஸ் மார்க்கு. இதுல நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாத்தேன், பழக்கம் போகலை. நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியில, ஒரு மார்க்குக் கேள்வி தப்பாப் போச்சுன்னா மூணுல ஒரு பங்கு போகும். ரெண்டு மார்க்குக் கேள்வின்னா ஒரு மார்க்குல மூணுல ரெண்டு பங்கு. இப்ப நாலு கேள்விக்கு ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடிட்டுத் தொடுதேன்னு வையி. கணக்குப்படி ஒண்ணு சரியாகும், மூணு தப்பாகும். வந்தது ஒரு மார்க்கு, போனதும் ஒரு மார்க்கு. ஆக மொத்தம் விரல் வலிதான் மிச்சம். ஆனா நாலுல ஒண்ணு கட்டாயம் தப்புன்னு நீ படிச்ச படிப்பை வச்சு ஒதுக்க முடிஞ்சா, அப்பத் தொடு. மூணு கேள்வியை அப்படித் தொட்டா ஒண்ணு சரி, ரெண்டு தப்பு. மூணுல ஒரு பங்கு மார்க்கு உன் பக்கம் மிஞ்சும். ஒண்ணை ஒதுக்கத் தெரிஞ்சவனுக்கே அந்தப் பரிச்சை இம்புட்டு இரக்கம் காட்டுது. ரெண்டை ஒதுக்கத் தெரிஞ்சவனுக்கு என்னன்னு நீயே போட்டுப் பாரு. பென்சிலை எடுக்க ஒரு சாக்கு.

விடையே குடுக்காம, நீயே எண்ணை அடிக்கணும்கிற கேள்வியும் இருக்கு. அதுக்கு மைனஸ் கிடையாது. கிடையாதுன்னதும் சந்தோஷப்பட்டே, ஆனா அங்க ஒதுக்கதுக்கும் ஒண்ணும் கிடையாது. கடைசி வரைக்கும் கணக்கைப் போட்டாத்தான் எண்ணு வரும். வீடியோ பாத்து வளந்த பிள்ளை மாட்டிக்கிடுதது இங்கதான். வாத்தியார் போடும்போது எல்லா வரியும் புரியும், தனியா விட்டா மூணாவது வரியில நின்னு போகும். 2021-லேருந்து இன்னொரு தினுசும் சேத்திருக்காவ. நாலுல ஒண்ணோ பலதோ சரியா இருக்கலாம். அம்புட்டையும் சரியாத் தொட்டாத்தான் மார்க்கு. இதுக்கும் மைனஸ் இல்ல, ஆனா பாதி சரிக்குப் பாதி மார்க்கும் இல்ல. உன்னோட 'கிட்டத்தட்டத் தெரியும் தாத்தா'வுக்கு அங்க விலை கிடையாது.

கால்குலேட்டரைப் பத்தியும் கேட்டுக்கோ. நீ காலேஜுல வச்சிருந்தியே, அதை உள்ள கொண்டு போக விட மாட்டாவ. கம்ப்யூட்டர் திரையில ஒண்ணு இருக்கும், எலியைப் பிடிச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கணும். முதல் தடவை அமுக்குதவனுக்கு ஒரு சைன் தீட்டா போடதுக்குள்ள கை நடுங்கிரும். கோர்ஸுல மாக் டெஸ்ட்டுன்னு வச்சிருக்காவல்லா, அதுல அதே கால்குலேட்டரு இருக்கு. நீ எழுதினாத்தானே தெரியும்?

எழுத மாட்டேங்கே. சிலபஸ் முடிச்சிட்டு எழுதுதேங்கே. சிலபஸ் முடிச்சவன் ஒருத்தனைக் காட்டு, கிடா வெட்டிப் பொங்கல் வைக்கேன். உனக்குப் பயம் மார்க்கு குறையும்னு. குறையட்டும்லே! வீட்டுக்குள்ள 23 மார்க்கு வாங்கினா எனக்கும் ஆச்சிக்கும் மட்டும்தான் தெரியும். பிப்ரவரியில வாங்கினா ஒங்கம்மா சொல்லி வச்ச தெரு முழுக்கத் தெரியும்.

இந்தா, தீப்பெட்டி ஆபீஸ் காலத்துப் பேரேடு ஒண்ணு, பாதி எழுதாமக் கிடக்கு. மூணு பத்தி போடு. பாடமே தெரியாமத் தப்பானது ஒண்ணு. தெரிஞ்சும் கணக்குல சறுக்கினது ஒண்ணு. கேள்வியைச் சரியா வாசிக்காமத் தப்பானது ஒண்ணு. ஒவ்வொரு டெஸ்ட்டு முடிஞ்சதும் தப்பானதையெல்லாம் அந்தந்தப் பத்தியில எழுது. முதல் பத்தி நெரிஞ்சா கோர்ஸுக்குள்ள போய் அந்தப் பாடத்தை மட்டும் திரும்பக் கேளு, வேகத்தைக் கூட்டாம. ரெண்டாவது நெரிஞ்சா பாடம் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்ல, அந்த மாதிரிக் கணக்கா எடுத்துப் போடு. மூணாவது நெரிஞ்சா ராத்திரி பத்து மணிக்குத் தூங்கு. உனக்கு மூணாவதுதான் நெரியும்னு எனக்குத் தோணுது.

டெலிகிராம்ல 'இந்த வருஷம் கட்டாயம் வரும் கேள்வி'ன்னு சேத்து வச்சிருக்கியே, அதை இன்னைக்கே அழி. ஐஐஎஸ்சியும் ஏழு ஐஐடியும் முறை வச்சு இந்தப் பரிச்சையை நடத்துதாவ. அடுத்த முறைக்காரவுக என்ன கேக்கப் போறாவன்னு தெருமுனையில வீடியோ போடுதவனுக்குத் தெரிஞ்சிருமோ?

நீ தேறினா எனக்கும் பெருமைதான், மறைக்கலை. அந்த ஸ்கோரு மூணு வருஷத்துக்குச் செல்லும். கேட்ல தேறி எம்.டெக். சேந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை தாராவ. பவர்கிரிட், என்டிபிசி மாதிரி அரசாங்கக் கம்பெனிக அந்த ஸ்கோரை வச்சே வேலைக்கு ஆள் எடுத்திருக்காவ. கோர்ஸையும் நான் பழிக்கலை. பகல் பூரா கம்பெனியில நின்னுட்டு வந்து ராத்திரி படிக்கிற பிள்ளைக்கு, அடுத்து எதைத் தொடணும்னு யோசிக்கிற பாரத்தையாவது அது இறக்கி வைக்கும். உனக்குத்தான் அந்தப் பாரமும் இல்ல, இந்தப் பாரமும் இல்ல.

அக்கம்பக்கத்துல இதைக் கேட்டுட்டிருக்க மத்த பிள்ளைகளே, உங்களுக்கும்தான் சொல்லுதேன். பழைய கேள்வித்தாளும் விடையும் பரிச்சை நடத்துதவுக தளத்துல சும்மாவே கிடக்கு. ஒங்கப்பன்ட்டக் காசு கேக்கதுக்கு முன்னால அதுல ஒண்ணை எடுத்து, மூணு மணி நேரம் நடுவுல எந்திரிக்காமப் போட்டுப் பாருங்க. எங்க ஓட்டைன்னு தெரிஞ்ச பிறகு கோர்ஸ்காரவுகளைக் கூப்பிட்டு, பரிச்சை நாள் வரைக்கும் இது செல்லுமா, டெஸ்ட்டு எத்தனை, எண்ணை அடிக்கிற கேள்வி அதுல இருக்கா, தப்பான கேள்விக்கு விளக்கம் தருவியளான்னு கேளுங்க. பதில் திருப்தியா இருந்தா மட்டும் காசைக் கட்டுங்க.