ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு டிக்கெட்டு

ஏலே பேராண்டி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளுக்குப் போறியாமே. வெஸ்ட்ரேல ஏறி பாப்பா வெஸ்ட்ரேல இறங்குற பிளேனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருக்கே. தட்டு, தட்டு. அது ஏத்த எறக்கத்துக்குன்னு அரை மணிக்கூறு சேத்துப் போடும். அதையும் நம்பிப் படிக்கிறதுக்குப் புஸ்தகம் எடுத்து வச்சிக்க!

ரெண்டு விமானத்தளத்துக்கும் நடுவுல மொத்தமே 2.7 கிலோமீட்டர்லே. எடின்பரோ விமானநிலையத்து ஓடுபாதையே கிட்டத்தட்ட அம்புட்டு நீளம் இருக்கு. அட்டவணையில ஒண்ணரை நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு போட்டிருப்பான். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர்னு ஒரு பைலட்டு 53 விநாடியில கொண்டுபோய் இறக்கிட்டாரு. நீ பெல்ட்டு மாட்டி முடிக்கவே அதைவிட நேரமாகும், உன் சூட்டிகை எனக்குத் தெரியாதா?

தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம் வந்துரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. இங்கே அந்தக் கணக்கு பலிக்காது. பிளேன் எதிர்காத்துலதான் கிளம்பும், எதிர்காத்துலதான் இறங்கும். காத்து இசைவா இல்லேன்னா, போற ஊருக்கு முதுகைக் காட்டிக் கிளம்பி, வளைச்சுத் திரும்பணும். நேர்வழி குறுகினா இந்தத் திரும்பல்தான் பயணத்துல பாதியைத் தின்னும். பனிமூட்டம் வந்துட்டா அதுவும் கிடையாது, தரையிலயே குந்த வேண்டியதுதான். சரி, நீ சும்மா குந்துறதுல கெட்டிக்காரன்.

சின்ன 'ஐலாண்டர்' பிளேன்லே அது, ரெண்டு காத்தாடி, எட்டுப் பேருக்கு இடம். பைலட்டு பக்கத்துலயே ஒரு ஆளு உக்காரலாம். காப்பி கேட்டு மானத்தை வாங்காதே. 1967லேருந்து லோகன்ஏர்ங்கிற கம்பெனி ஓட்டுது. உன்ன மாதிரி வேடிக்கை பாக்கிறவனுக்காக விட்டதுன்னு நெனச்சிராதே. வாத்தியாரும் டாக்டரும் நோயாளியும் ஏறி இறங்குற டவுன் பஸ்சுலே அது. பாப்பா வெஸ்ட்ரேல நூறு பேருகூடத் தேறாது. அவுகளுக்கு உலகம் கிட்டத்துல வர்றது இதுலதான்.

சென்னையிலேருந்து லண்டன், அங்கேருந்து ஸ்காட்லாந்து, அப்புறம் கிர்க்வால், அதுக்கப்புறம் வெஸ்ட்ரே. இத்தனையும் ஒண்ணரை நிமிஷத்துக்கு! இறங்கின கையோட அடுத்த பிளேனைத் தேடினேன்னா உன்னைவிட மடையன் கிடையாது. அந்தத் தீவுல நேப் ஆஃப் ஹவர்னு ரெண்டு கல்வீடு நிக்கி. அஞ்சாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, எகிப்துப் பிரமிடுக்கே மூத்தது. குனிஞ்சு உள்ள போ. நீயும் ஒரு தடவை யாருக்காவது குனிஞ்சதா இருக்கட்டும்.

பறந்ததுக்குச் சர்டிபிகேட்டும் குடுப்பானாம். பத்திரமா கொண்டாந்து பொண்ணு வீட்டுக்காரங்கிட்ட காட்டு. எவ்வளவு காலம் வெளிநாட்டுல பறந்தீகன்னு கேட்டா மட்டும், விநாடிக் கணக்கை வாய் தவறிச் சொல்லிராதே.