நிற்கத் தெரியாத கை

எனக்குக் கேமரா தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். அதனால் தீபாவளிக்குப் பெரியம்மா கைமுறுக்கு சுற்றுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பெரியம்மா வெள்ளைத் துணியை விரித்து, மாவை விரலிடுக்கில் திருகித் திருகி வட்டம் வட்டமாக இறக்கிக்கொண்டிருந்தார். அசைய வேண்டியவை அந்த விரல்கள் மட்டும்தான். ஆனால் அசைந்தது நான். முகத்தில் ஆரம்பித்து, துணிக்கு இறங்கி, எண்ணெய்ச் சட்டிக்குத் தாவி, அங்கிருந்து சுவர்க் காலண்டருக்குப் போனேன். காலண்டருக்கு ஏன் போனேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. கிட்டே போய் உட்காரச் சோம்பல்பட்டுத் திரையை இரு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். போன் அப்போது செய்வது, இருக்கிற படத்தை வெட்டி ஊதுவதைத்தான். முறுக்கின் திருகல் அத்தனையும் மழுங்கிப் போயிற்று.

பின்னால் தோட்டம் தெரியட்டுமே என்று அவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருந்தேன். கேமரா வெளி வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டது. தோட்டம் பளிச்சென்று இருக்க, பெரியம்மா ரகசியச் சாட்சி மாதிரி இருட்டில் இருந்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பி உட்கார வைத்து, திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டியிருந்தால் தீர்ந்தது. நானோ டியூப்லைட்டைப் போட்டேன்.

படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் உருண்டன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பட்டை அடங்கிவிடும். இது தெரியாமல் “வோல்டேஜ் சரியில்லை” என்றேன். பெரியம்மா எலக்ட்ரீஷியனையே வரவழைத்துவிட்டார். அவர் அண்ணாந்து பார்த்து, “லைட்டு நல்லாத்தானே எரியுது?” என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ரெக்கார்ட் பட்டனையும் தலைகீழாகத்தான் அழுத்தியிருந்தேன். முதல் முறுக்கு எண்ணெயில் பொங்கியபோது பெரியம்மா சிரித்த சிரிப்பு பதிவாகவில்லை. என் கால் கட்டைவிரலும் சமையலறைத் தரையும் தெள்ளத் தெளிவாகப் பதிவாகியிருந்தன.

கடைசியில் அவரே சொன்னார்: “டேய், போனை அந்த அரிசி டப்பா மேல சாத்தி வச்சிட்டு வந்து மாவைப் பிடி.”

டப்பா எடுத்த படம்தான் உருப்படியான படம். 1895-இல் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களும் இப்படித்தான், லியோன் நகரத்துத் தங்கள் தொழிற்சாலை வாசலில் கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். கேட் திறந்தது, பெண்கள் வந்தார்கள், சைக்கிள் வந்தது, ஒரு நாயும் வந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத படம். கேமரா இம்மியும் நகரவில்லை. அதையே அவர்கள் மூன்று வடிவங்களில் எடுத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது ஆறுதலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: அவர்கள் திரும்ப எடுத்தபோதும் காலண்டருக்குப் போகவில்லை. அசைவதெல்லாம் படத்துக்குள் இருப்பவர்கள் பாடு. எடுப்பவன் எங்கே நிற்பது என்று முடிவுசெய்துவிட்டு, பத்து நொடியாவது வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

டப்பா எடுத்த படத்தின் ஓரத்தில் நான் சுற்றிய முறுக்கும் விழுந்திருந்தது. இரண்டாம் சுற்றிலேயே அறுந்து கிடந்தது. அந்த ஓரத்தை வெட்டித் தூக்கிவிட்டேன். எடிட்டிங் எனக்கு நன்றாக வரும்.