இரவு ஒன்பது மணிச் செல்: எம். புதுப்பட்டி வட்டாரப் பள்ளி மாதிரிகள் குறித்து ஓர் ஆய்வு

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகத் தெரிந்த சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அவர் பார்த்தவை செத்துப்போன செல்கள்; உள்ளே ஒன்றும் கிடையாது. சிவகாசி வட்டாரக் கல்வி வரலாற்றில் இந்த உண்மைக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. காலித் தீப்பெட்டிகளின் உள்பெட்டிகளை வரிசையாக ஒட்டி ஒரு மாணவன் கொண்டுபோனால், மனிதகுலம் முதன்முதலில் கண்ட செல்லுக்கு அதைவிட நெருக்கமான மாதிரி இருக்க முடியாது. ஆனால் எந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவார்? “உள்ள ஒண்ணையும் காணோமேப்பா” என்பார். ஹூக் போய் நின்றாலும் இதே பதில்தான்.

செல் மாதிரி எப்போது உருவாகிறது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, ஒன்பது மணியை ஒட்டி. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்விட்டு வந்து, சோறு வடித்து, பாத்திரம் விளக்கி அம்மா உட்காருகிற நேரம் அது. சான்றுக்கு ஓர் உரையாடல்:

“யம்மா, நாளைக்குச் செல் மாடல் கொண்டாரணுமாம்.”

“எப்பச் சொன்னாங்க?”

“போன வாரம்.”

“இப்பத்தான் வாயில வருதாக்கும்?”

அடுத்த கட்டம் கடை. தாவர செல்லா விலங்கு செல்லா என்பதைப் பாடநூல் முடிவு செய்வதாகப் பலரும் நம்புகிறார்கள். கள ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பாதி ஷட்டரை இறக்கிவிட்ட ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி, பையனைப் பார்த்ததுமே, “எரிமலையா, சூரியக் குடும்பமா, செல்லா?” என்கிறார். “செல்லு.” “பந்து தீந்துபோச்சுய்யா. சீட்டுதான் கெடக்கு. செடி செல்லாப் பண்ணிக்கோ.” உயிரினங்களின் இரு பேருலகங்களைப் பிரிக்கும் முடிவு ஒரு தெர்மாகோல் உருண்டையின் இருப்பைப் பொறுத்தது என்பதை எந்த வகைப்பாட்டியல் நூலும் எழுதிவைக்கவில்லை.

மூலப்பொருளை வைத்து மூன்று மரபுகள். மூத்தது களிமண் மரபு. செலவு கிடையாது, கண்மாயில் போய் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் இது கரிசல் சீமை. ஈரத்தில் ஊதிக் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பது கரிசலின் குணம். ராத்திரி ஒன்றாக இருந்த செல் விடியும்போது இரண்டாகக் கிடக்கும். செல் பிரிவு என்று சொல்லிச் சமாளித்த மாணவர்கள் உண்டு. வால்டர் ஃபிளெமிங் 1882-இல் அந்தப் பிரிவுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தபோது கரிசல் மண்ணைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

பலகார மரபு செல்வாக்கு மிக்கது, ஆயுள் குறைந்தது. சாத்தூர் காராச்சேவை எண்டோபிளாச வலையாகப் பரப்பி, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை உருட்டி நடுவில் நியூக்ளியஸாக வைப்பார்கள். அந்தப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு எறும்பைத் தடுக்காது, தம்பியைத் தடுக்கவே தடுக்காது. பிரேயருக்கு முன்பே நியூக்ளியஸ் இல்லாமல் பள்ளிக்கு வந்து சேர்ந்த செல்லை, “இது ரத்தச் சிவப்பணு, டீச்சர்” என்று காப்பாற்றலாம். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது என்பது உண்மைதான். வலையும் கிடையாது என்பதால் சேவையும் யாராவது தின்றுவைத்தால்தான் வாதம் முழுமையாகும்.

இன்று ஆட்சியில் இருப்பது தெர்மாகோல். வெள்ளை, லேசு, கத்தி போன போக்குக்கு வெட்டுப்படும். அதன் ஒரே எதிரி அப்பா. வீட்டில் போஸ்டர் கலர் தீர்ந்துபோனால் கதவுக்கு அடித்த எனாமல் டப்பாவையும், அச்சகத்திலிருந்து வந்த தின்னரையும் எடுத்துக்கொண்டு உதவிக்கு வருவார். தெர்மாகோல் என்பது காற்றூதிய பாலிஸ்டைரீன். தின்னர் பட்ட இடத்தில் புஸ்ஸென்று உள்வாங்கிக் குழியாகும். இந்தக் குழிதான் பல மாதிரிகளில் நுண்குமிழ் என்ற சீட்டோடு நிற்பது. கிறிஸ்டியன் டி டூவ் 1955-இல் லைசோசோம் என்று பெயரிட்டது செல்லுக்குள் வந்ததைக் கரைக்கும் நொதிப் பையைத்தான் என்பதால், அந்தக் குழிக்கு லைசோசோம் என்று சீட்டுக் குத்துவதே அறிவியலுக்கு நியாயம் என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து.

அளவு விஷயத்தில் மாதிரிகள் எல்லாமே பொய். 30 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லை 30 சென்டிமீட்டராகச் செய்தால் பத்தாயிரம் மடங்கு பெருக்கம். அந்தக் கணக்கில் நியூக்ளியஸ் ஒரு ரப்பர் பந்தாக நிற்கலாம், சரி. மைட்டோகாண்ட்ரியாவுக்கு நிலக்கடலைப் பருப்பு, அதுவும் சரி. சிக்கல் ரைபோசோமில். கடுகைத் தூவுவது ஊர் வழக்கம். உண்மையில் அது கால் மில்லிமீட்டர்தான் வர வேண்டும். கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்துத் தூவினால்தான் கிட்டத்தட்ட ஒத்துவரும். சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபலைப் பங்கிட்டுக்கொண்டது இந்தப் பொடியின் ஒரு துகளுக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியதற்காக. நம் ஊரில் அதைத் தாளிப்பு டப்பாவிலிருந்து அள்ளி வீசுகிறோம். செல் சவ்வோ இதே கணக்கில் ஒரு தினசரிக் காலண்டர்த் தாளின் கனம்தான் இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சிட்டு அனுப்பும் வட்டாரத்தில் அதைப் போய் ஓர் அங்குலத் தெர்மாகோலில் செய்கிறார்கள். டிஎன்ஏ பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர். பத்தாயிரத்தால் பெருக்கினால் இருபது கிலோமீட்டர் நூல், அதுவும் தலைமுடியைவிட மெல்லிசாக. சிவகாசியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் ஏறக்குறைய திருவில்லிபுத்தூரில் போய் முடிச்சுப் போடலாம். மாணவர்கள் சிவப்பு உல்லன் நூல் ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கோல்கை உறுப்பை மட்டும் யாரும் குறை சொல்லக்கூடாது. 1898-இல் காமில்லோ கோல்கி வெள்ளிச் சாயம் ஏற்றி அதைக் கண்டபோது, அது நிஜ உறுப்பா, சாயம் போட்ட கோலமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சண்டை நடந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் வழக்கு முடிந்தது. ஆகவே வெட்டியதில் மிஞ்சிய அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, “கோல்கை” என்று ஒரு மாணவி சொன்னால், சந்தேகத்தின் பலனை அவளுக்குத் தருவதே மரபு.

வண்ணத்திலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. பசுங்கணிகத்துக்குப் பச்சை வேண்டும். இந்த ஊர் மத்தாப்பில் பச்சை என்றால் பேரியம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. இலையின் பச்சை அந்தத் தீர்ப்பில் சிக்காது. பச்சைய மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். அதே மக்னீசியம் பட்டாசில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளியைத் தரும். ஒரே உலோகம் இலையில் பச்சையாகவும் வாணத்தில் வெள்ளையாகவும் இருப்பதைப் பாடத்தில் ஒரு வரி சேர்த்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இனி இவ்வட்டாரத்தின் தனிச் சிறப்பு. வேறு ஊர்களில் செல் சுவர் ஒரு வேஷம்: பிளாஸ்டிக், ஸ்பாஞ்ச், எது கிடைக்கிறதோ அது. இங்கே தாவர செல்லை வைப்பது தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டிக்குள். தாவரத்தின் செல் சுவர் செல்லுலோஸ், அட்டையும் செல்லுலோஸ். ஒட்டுகிற மைதாப் பசை ஸ்டார்ச். அதுவும் செடி தன் செல்லுக்குள் சேர்த்துவைத்ததுதான். உறுப்புகளின் பெயர்ச் சீட்டைத் தாங்கி நிற்கிற, மருந்து முக்காத தீக்குச்சியும் மரத்தின் செல் சுவரே. மைட்டோகாண்ட்ரியாவாகப் படுத்திருக்கும் காலி வெடிக்குழாயும் மருந்து பார்க்காத வெறும் காகிதம். இப்படியாக எம். புதுப்பட்டித் தாவர செல்லின் கணிசமான பகுதி, மாதிரி என்ற நிலையைத் தாண்டி அசலாகவே ஆகிவிடுகிறது.

அசலாக இருக்கும் இன்னொன்று யாரும் சீட்டுக் குத்தாதது. செல்லுக்குள் ஏன் இத்தனை அறைகள் என்று கேட்டால் பெரிய ஊர் மாணவன் புத்தகத்தைத் தேடுவான். இங்குள்ள பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி, காயவைக்கும் இடம் தனி, சரக்கு வைக்கும் அறை இன்னும் தள்ளி. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி, மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பதெல்லாம் சோற்றோடு ஊட்டப்பட்ட பாடம். சேரக்கூடாத இரண்டு சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் சுவர். லைசோசோமின் அமிலமும் நொதியும் பைக்குள் இருக்கும்வரை செல்லுக்குச் சேவகம். பை கிழிந்து கொட்டினால் செல்லுக்கே கேடு. வெடியுப்பு தரும் ஆக்சிஜனில் கரியும் கந்தகமும் ஒரு நொடியில் எரிந்து தீர்கின்றன. சர்க்கரையை அதே ஆக்சிஜனோடு சேர்க்கும் வேலையை மைட்டோகாண்ட்ரியா படிப்படியாக, சுடர் தெரியாமல் செய்கிறது. விதி மீறப்பட்ட அறைகளுக்கு இந்த வட்டாரம் கொடுத்த விலையைப் பற்றி வேடிக்கைக் கட்டுரையில் எழுத எனக்கு மனமில்லை. எழுதாவிட்டாலும் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மதிப்பீட்டு முறைக்கு வருவோம். உயிரியல் உண்மைக்குத் தனி மதிப்பெண் இருப்பதாகச் சான்று இல்லை. சுத்தம், பளபளப்பு, தூக்கினால் உதிராமை, இந்த மூன்றுதான். ஜிகினாத் தூள் தூவிய செல் எந்தக் கண்காட்சியிலும் முதல் வரிசைக்குப் போகும்.

கண்காட்சி முடிந்த செல் பீரோ மேல் ஏறும். அங்கிருந்து மொட்டை மாடி. பட்டாணியும் கடலையும் போட்ட செல்லாக இருந்தால் கோழி பார்த்துக்கொள்ளும். தெர்மாகோல் செல்லுக்கு அழிவில்லை. 1855-இல் ருடால்ஃப் விர்சோ ஒரு விதியை வலியுறுத்தினார்: ஒவ்வொரு செல்லும் முன்பிருந்த ஒரு செல்லிலிருந்தே வரும். ஜெர்மனியில் இருந்துகொண்டு அவர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது வியப்புக்குரியது, ஏனென்றால் இதற்கான முழு நிரூபணம் இங்கேதான் கிடைக்கிறது. அக்காவின் செல் இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் செல்லாகிறது. பெரியம்மா வீட்டுச் செல் சித்தி வீட்டுக்கு டிவிஎஸ் பின்சீட்டில் வருகிறது. வழியில் கொஞ்சம் பரிணாமமும் நடக்கும். சென்ட்ரியோலைப் பிடுங்கிவிட்டு, உருண்டையை கிஃப்ட் பாக்ஸுக்குள் அமுக்கி, பச்சை அடித்தால் போதும். விலங்கைத் தாவரமாக்க இயற்கையாலேயே இதுவரை முடியவில்லை.

சில ஆசிரியர்களின் நினைவாற்றல்தான் இந்த ஆய்வுக்குப் பெரிய இடைஞ்சல்.

“தம்பி, இது உங்க அக்கா கொண்டாந்ததுல்ல?”

“இல்ல டீச்சர். அது மிருக செல்லு. இது செடி.”